மூன்று பேனாக்களும் ஒரு தேர்தலும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

தேர்தல் நெருங்கினால் கருத்துக் கணிப்புகள் வரிசையாக வந்துவிடும். அப்போதெல்லாம் பழைய மாணவர்கள் யாராவது கேட்பார்கள்: "சார், ரெண்டாயிரம் பேரைக் கேட்டுட்டு ஒரு நாட்டோட முடிவைச் சொல்ல முடியுமா?"

முடியும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இதற்கும் பொருந்தும். பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மேலாக மட்டும் எடுத்தால் அடியில் குழைந்திருப்பது தெரியாது.

மேலாக எடுத்து மாட்டிக்கொண்ட கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடி அட்டைகளை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணிவிட்டு, ஆல்ஃப் லாண்டன் 57 சதவீத வாக்குகளுடன் வெல்வார் என்று எழுதியது. வென்றவர் ரூஸ்வெல்ட். சுமார் 61 சதவீத வாக்கு, 48 மாநிலங்களில் 46. அந்தப் பத்திரிகை முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகங்களிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்தும் எடுத்திருந்தது. பெரும் பஞ்ச காலத்தில் தொலைபேசியும் காரும் யார் வீட்டில் இருந்திருக்கும்? அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களிலும் ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்களே அதிகம். அதே தேர்தலில் மிகச் சிறிய மாதிரியை வைத்து ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

இந்தக் கதையைப் பாடப் புத்தகங்கள் விரும்பிச் சொல்லும். யாரைக் கேட்கிறோம் என்பதில் கவனமாக இருந்தால் போதும் என்று அதைப் படித்தவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் சோற்றுக்கும் மனிதனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கரண்டி யார் கையில் இருக்கிறது என்று சோறு பார்ப்பதில்லை. மனிதன் பார்க்கிறான்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம் நிகரகுவாவில் 1990-இல் நடந்த அதிபர் தேர்தல். இன்றைய பதிவு அதைப் பற்றியது.

நிகரகுவா மத்திய அமெரிக்காவில் உள்ள ஒரு சிறிய நாடு. அப்போது மக்கள் தொகை ஏறக்குறைய நாற்பது லட்சம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சொமோசா என்ற ஒரே குடும்பம் அந்த நாட்டைத் தன் பண்ணை போல ஆண்டது. அந்தக் குடும்பத்தை எதிர்த்து எழுதியவர் லா பிரென்சா நாளிதழின் ஆசிரியர் பெத்ரோ ஹோக்கின் சமோரோ. 1978 ஜனவரி 10 அன்று தலைநகர் மனாகுவாவின் தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நாடு கொதித்தது. அடுத்த ஆண்டு, 1979 ஜூலை 19 அன்று, சாண்டினிஸ்டா புரட்சியாளர்கள் தலைநகருக்குள் நுழைந்தார்கள். சொமோசா அதற்கு முன்பே ஓடிவிட்டார்.

புரட்சி அரசு நல்லது எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1980-இல் ஐந்து மாதம் நடத்திய எழுத்தறிவு இயக்கத்தை ஆசிரியனாகிய நான் எப்படி மறப்பேன்? பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் மலைக் கிராமங்களுக்குப் போய்த் தங்கி விவசாயிகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். நாட்டில் பாதிப் பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தார்கள். இயக்கத்தின் முடிவில் அது 13 சதவீதமாகக் குறைந்தது என்று அரசு அறிவித்தது. யுனெஸ்கோ பரிசும் கிடைத்தது.

ஆனால் போர் வந்தது. அமெரிக்காவின் பணத்திலும் ஆயுதத்திலும் கான்ட்ரா என்ற எதிர்ப்படை உருவானது. எல்லைக் கிராமங்கள் எரிந்தன. 1983-இல் அரசு கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தது. 17 வயது நிரம்பிய பையனை வைத்திருந்த ஒவ்வொரு தாயும் கலங்கினாள். 1985-இல் அமெரிக்கா வணிகத் தடை விதித்தது. 1986-இல் பன்னாட்டு நீதிமன்றம் அமெரிக்காவைக் கண்டித்துத் தீர்ப்புச் சொல்லியும் பயனில்லை. 1988-இல் விலைவாசி ஒரே ஆண்டில் 33,000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எண்ணைப் பார்த்துத் தவறாக அச்சாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காலையில் வாங்கிய சம்பளத்துக்கு மாலையில் மதிப்புக் கிடையாது என்ற நிலை.

இந்தச் சூழலில் அண்டை நாடுகளின் சமாதான முயற்சியால் 1990 பிப்ரவரி 25 அன்று தேர்தல் என்று முடிவானது. ஆளும் சாண்டினிஸ்டா கட்சியின் வேட்பாளர் அதிபர் டேனியல் ஒர்டேகா. அவரை எதிர்த்துப் பதினான்கு கட்சிகள் உனோ என்ற பெயரில் ஒன்று சேர்ந்தன. பழமைவாதிகள் முதல் பொதுவுடைமைக் கட்சியினர் வரை அதில் இருந்தார்கள். அவர்களின் பொது வேட்பாளர் வியோலேட்டா சமோரோ. சுட்டுக் கொல்லப்பட்ட அந்தப் பத்திரிகை ஆசிரியரின் மனைவி.

அந்த வீட்டின் நிலையைப் பார்த்தால் நாட்டின் நிலை புரிந்துவிடும். அந்த அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். மகன் கார்லோஸ் ஃபெர்னாந்தோ ஆளும் கட்சியின் நாளிதழான பார்ரிகாதாவின் ஆசிரியர். மகள் கிளாவ்தியா புரட்சி அரசின் தூதராக இருந்தவர். இன்னொரு மகன் பெத்ரோ ஹோக்கின் கான்ட்ரா அரசியல் தலைமையோடு சேர்ந்தவர். இன்னொரு மகள் கிறிஸ்தியானா அம்மாவோடு லா பிரென்சாவில். பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் அரசியலை வாசலில் விட்டுவிட்டுத்தான் சாப்பாட்டு மேசைக்கு வர வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை என்பார்கள்.

இந்தத் தேர்தலை உலகமே கவனித்தது. ஐ.நா. சபை ஒரு சுதந்திர நாட்டின் தேர்தலை முழுமையாகக் கண்காணித்தது அதுதான் முதல் முறை. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் தன் குழுவோடு வந்தார். கருத்துக் கணிப்பு நிறுவனங்களும் குவிந்தன. அமெரிக்காவிலிருந்து நல்ல பெயர் பெற்ற நிறுவனங்களே வந்தன. மாதிரி எடுப்பதில் தேர்ந்தவர்கள். 1936-இன் பாடத்தை நன்றாகப் படித்தவர்கள்.

வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் ஏபிசி தொலைக்காட்சியும் சேர்ந்து எடுத்த கணிப்பில் ஒர்டேகாவுக்கு 48, சமோரோவுக்கு 32. பதினாறு புள்ளி இடைவெளி. வேறு சில கணிப்புகளும் ஒர்டேகாவே வெல்வார் என்றன. மறுபக்கம், கோஸ்டா ரிகாவின் போர்கே, வெனிசுலாவின் டாக்சா போன்ற நிறுவனங்கள் சமோரோ முன்னிலை என்றன. அவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்க்கட்சிக்கு வேண்டியவர்கள் எடுத்தது என்று தள்ளிவிட்டார்கள்.

பிரசாரமும் ஒர்டேகா பக்கமே களை கட்டியது. ராணுவ உடையைக் கழற்றிவிட்டு ஜீன்ஸும் பூப்போட்ட சட்டையுமாக வந்தார். சண்டைச் சேவல் என்று அவரைப் பாட்டாகப் பாடினார்கள். தொப்பி, பனியன், இசைக் கச்சேரி என்று எங்கும் சிவப்பும் கருப்பும். (நம் ஊரில் இந்த நிறங்களுக்கு வேறு பொருள் உண்டு. அதை இங்கே கலக்க வேண்டாம்!) வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு மனாகுவாவில் நடந்த கடைசிக் கூட்டத்தில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். எதிர்ப்பக்கம் வியோலேட்டா அம்மையாரோ முழங்கால் எலும்பு முறிந்து, வெள்ளை உடையில், ஊன்றுகோலோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

முடிவு? சமோரோ 54.7 சதவீதம். ஒர்டேகா 40.8 சதவீதம். பதினாறு புள்ளி முன்னால் இருப்பார் என்று சொல்லப்பட்டவர் பதினான்கு புள்ளி பின்னால் நின்றார். ஆக, முப்பது புள்ளிப் பிழை.

பானையைக் கிளறாமல் எடுத்த பிழையல்ல இது. சரியாகத்தான் கிளறினார்கள். அப்படியானால் எங்கே தவறு?

இங்கேதான் பேனாக்கள் வருகின்றன. தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு கேதரின் பிஷோப்பிங், ஹோவர்ட் ஷூமன் என்ற இரண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஷூமன் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர். கேள்வி கேட்கும் விதமே பதிலை எப்படி மாற்றுகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்.

கணிப்பாளர்கள் வீடு வீடாகப் போய் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். மாறியது ஒன்றே ஒன்றுதான், பதிலைக் குறித்துக்கொள்ளும் பேனா. சில வீடுகளில் ஒர்டேகா பிரசாரத்துக்குக் கொடுத்த சிவப்புக் கருப்புப் பேனா. சில வீடுகளில் உனோ கூட்டணியின் நீல வெள்ளைப் பேனா. சில வீடுகளில் எந்தக் கட்சி அடையாளமும் இல்லாத பேனா. பேனாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது கையில் இருந்தது, அவ்வளவுதான்.

சிவப்புக் கருப்புப் பேனாவிடம் ஒர்டேகா முன்னிலை. நீல வெள்ளைப் பேனாவிடம் சமோரோ முன்னிலை.

இதுவரை நாம் ஊகிக்கக்கூடியதுதான். யார் கேட்கிறார்களோ அவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வது மனித இயல்பு. ஆனால் மூன்றாவது பேனாவின் முடிவுதான் முக்கியம். எந்த அடையாளமும் இல்லாத பேனாவிடம் மக்கள் சொன்ன பதில், சிவப்புக் கருப்புப் பேனாவிடம் சொன்ன பதிலை ஒத்திருந்தது. அங்கும் ஒர்டேகாவே முன்னிலை.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். கேட்பவர் தன்னை நடுநிலையாளர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கதவைத் திறப்பவரோ அவரை அரசாங்கத்து ஆள் என்று நினைக்கிறார்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. புரட்சிக்குப் பிறகு ஒவ்வொரு குடியிருப்பிலும் சாண்டினிஸ்டா பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. தடுப்பூசி போடுவது, தெருவைச் சுத்தம் செய்வது போன்ற நல்ல வேலைகளும் அவற்றின் பொறுப்பு. அரிசி, பீன்ஸ், சர்க்கரைக்கான ரேஷன் அட்டையும் அவற்றின் வழியாகத்தான் வந்தது. இரவுக் காவலும், அக்கம்பக்கத்தில் யார் வருகிறார், யார் போகிறார் என்று கவனிப்பதும்கூட அவற்றின் வேலைதான். பத்து ஆண்டுகளாக, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பெயர், வயது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டவர்கள் பெரும்பாலும் அரசு சார்ந்தவர்கள். வீட்டில் ராணுவ வயதுப் பையன் இருந்தால் அந்தக் கேள்வியே வயிற்றைக் கலக்கும். திடீரென்று ஒரு நாள் வேறொருவர் அதே நோட்டும் பேனாவுமாக வந்து, "நாங்கள் சுதந்திரமான ஆய்வு நிறுவனம், யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்?" என்று கேட்டால், அந்தத் தாய் என்ன சொல்வாள்?

அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் "புரிஞ்சதா?" என்று கேட்டவன். "புரிஞ்சது சார்" என்று ஒரே குரலில் பதில் வரும். அது பாடத்தைப் பற்றிய பதில் அல்ல, கேட்டவருக்கான பதில். பாடம் புரிந்ததா என்பது விடைத்தாளில்தான் தெரியும். ஆசிரியராக இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

நிகரகுவா மக்களுக்கு இதில் பழைய பழக்கமும் உண்டு. எல் குவேகுவென்சே என்பது ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் பிறந்த அவர்களின் பழைய நாட்டுப்புற நாடகம். அதில் ஒரு கிழட்டு வியாபாரி. வரி கேட்டு அதிகாரிகள் பிடிக்கிறார்கள். அவர் காது கேளாதவர் போல நடித்து, சொன்னதை வேறாகப் புரிந்துகொண்டவர் போல வளைத்துப் பேசி, மரியாதை குறையாமலே அதிகாரத்துக்குத் தண்ணி காட்டுவார். கணிப்புகள் தோற்ற பிறகு அந்தக் கிழவரின் பெயர் பலர் வாயில் வந்தது. வலிமையானவரிடம் நேராக இல்லை என்று சொல்ல முடியாத மக்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

ஒரு கேள்வி எழலாம். நீலப் பேனாவிடம் சொன்னதும் கேட்டவரைத் திருப்திப்படுத்தச் சொன்னதாக இருக்கலாமே? நியாயமான கேள்வி. சோதனையை மட்டும் வைத்து எந்தப் பேனா உண்மையைக் கேட்டது என்று சொல்ல முடியாது. பேனா பதிலை மாற்றுகிறது என்று மட்டுமே சொல்ல முடியும். எது உண்மை என்பதை வாக்குப்பெட்டி சொன்னது. பெட்டியைத் திறந்தபோது முடிவு நீலப் பேனாவின் பக்கம் இருந்தது. கடைசி நாட்களில் மக்கள் மனம் மாறிவிட்டார்கள் என்றும் முழுவதையும் தள்ளிவிட முடியாது. சோதனை நடந்தது ஒரு மாதம் முன்பே.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அச்சம் ஒரு பக்கம் மட்டும் இருந்ததில்லை. ஒர்டேகா வென்றால் போரும் தடையும் தொடரும் என்பது எல்லோருக்கும் தெரியும். சமோரோ வென்றால் தடை நீங்கும் என்று அமெரிக்க அதிபர் புஷ் சொல்லியிருந்தார். தேர்தலுக்கென்று அமெரிக்க நாடாளுமன்றம் 90 லட்சம் டாலர் ஒதுக்கியது. 1989 டிசம்பரில் பக்கத்து வட்டாரமான பனாமாவுக்குள் அமெரிக்கப் படை இறங்கியதையும் மக்கள் பார்த்தார்கள். ஆகவே அந்த வாக்கு நெருக்கடிக்குள் போடப்பட்ட வாக்கு. அதை மறைத்துவிட்டு மக்களாட்சியின் வெற்றி என்று மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. ஆனாலும், போரும் பசியும் பிள்ளையை இழக்கும் பயமும் ஒரு பக்கம், புரட்சி தந்தவை ஒரு பக்கம் என்று நிறுத்துப் பார்த்து அந்த மக்கள் எடுத்த முடிவு அது. திரைக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் அவர்கள் எடுத்தது.

அன்றிரவு நடந்ததும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஐ.நா. குழு நாடு முழுவதிலிருந்தும் மாதிரிக்கு எடுத்த வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கையை முதலில் திரட்டியது. இதுவும் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறுதான். ஆனால் இம்முறை கையில் எடுத்தது மக்கள் வாய்ச்சொல்லை அல்ல, எண்ணப்பட்ட வாக்குகளை. சில மணி நேரத்தில் ஒர்டேகா தோற்றுவிட்டார் என்பது தெளிவாகிவிட்டது. கார்ட்டர் நள்ளிரவு வாக்கில் ஒர்டேகாவைச் சந்தித்துப் பேசினார். தானும் 1980-இல் அதிபர் தேர்தலில் தோற்றவர் அவர். மறுநாள் அதிகாலை ஒர்டேகா தொலைக்காட்சியில் தோன்றி மக்கள் தீர்ப்பை ஏற்பதாக அறிவித்தார். ஏப்ரல் 25 அன்று வியோலேட்டா சமோரோ பதவியேற்றார். துப்பாக்கியால் ஆட்சியைப் பிடித்தவர்கள் வாக்குச்சீட்டைப் பார்த்து ஆட்சியை விட்டு இறங்கினார்கள். புதிய அதிபர் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்தினார்.

இதே கதையின் பிற்பகுதி வருத்தமானது. ஒர்டேகா 2006 தேர்தலில் வென்று 2007-இல் மீண்டும் பதவிக்கு வந்தார். அதன் பிறகு இறங்கவில்லை. 2021 தேர்தலுக்கு முன் அவரை எதிர்த்துப் போட்டியிட இருந்த ஏழு பேர் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்தியானா சமோரோ, வியோலேட்டாவின் மகள். ஒரு காலத்தில் ஒர்டேகாவின் கட்சி நாளிதழை நடத்திய மகன் கார்லோஸ் ஃபெர்னாந்தோ, நாடு கடந்து கோஸ்டா ரிகாவில் இருந்து பத்திரிகை நடத்துகிறார். வியோலேட்டா அம்மையாரும் 2025 ஜூன் 14 அன்று, 95-ஆம் வயதில், அதே கோஸ்டா ரிகாவில்தான் காலமானார்.

1990-இல் மக்கள் வாசலில் பயந்தார்கள், ஆனால் வாக்குச்சாவடியில் பயப்படவில்லை. அங்கே ரகசியம் காக்கப்படும் என்று நம்பினார்கள். கண்காணிக்க ஆள் இருந்தது. எண்ண ஆள் இருந்தது. போட்டிக்கு ஆள் இருந்தது. வாசலில் சொன்ன பதில் தவறாகப் போனதில் நாட்டுக்கு நட்டம் எதுவும் இல்லை, வெட்கப்பட்டது கணிப்பு நிறுவனங்கள் மட்டுமே. வாக்குச்சாவடியிலும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்தால்தான் நாடு நட்டப்படுகிறது.

ஆகவே, "கணிப்பை நம்பலாமா சார்?" என்று கேட்கும் என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று பாருங்கள். எப்படிப்பட்டவர்களைக் கேட்டார்கள் என்றும் பாருங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். கேட்டவர் யார் என்று பதில் சொன்னவர் நினைத்திருப்பார்? உண்மையைச் சொன்னால் அவருக்கு இழக்க என்ன இருக்கிறது? "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று சொன்னவர்களில் எத்தனை பேர் முன்பே முடிவு செய்துவிட்டவர்கள்? அதனால்தான் சில நிறுவனங்கள் வாயால் பதில் கேட்பதை விட்டு, மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்கின்றன.

உங்கள் வாசலுக்கு இப்படி யாராவது நோட்டும் பேனாவுமாக வந்திருக்கிறார்களா? வந்திருந்தால், மனதில் இருந்ததை அப்படியே சொன்னீர்களா? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். யாருக்கு ஓட்டு என்று மட்டும் எழுத வேண்டாம். அது உங்களோடு இருக்கட்டும்.